தலைச்சுமை இறங்கியது: ஆரணிப் பக்கத்தில் ஒரு பரிசல் வண்டி

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலை நினைவுக்கு வரும்; அடுத்து அரிசி. சுற்றியுள்ள கிராமத்து ஆட்களைக் கேட்டால் மூன்றாவதாக ஏரியைச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டால் நெல்லுக்குத் தண்ணீர் உறுதி. அதோடு மீன் வளர்ப்பும் சேர்ந்துகொள்ளும். நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஏரி மீனைக் குத்தகைக்கு எடுப்பார்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்த்து, கோடையில் தண்ணீர் வற்றுவதற்குள் பிடித்து விற்றுவிடுவார்கள்.

குத்தகைத் தொகை, குஞ்சு விலை, வலைச் செலவு, ஐஸ் செலவு எல்லாம் நோட்டில் ஏறும். பரிசலை வீட்டிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து வீட்டுக்கும் தூக்கிச் செல்லும் உழைப்பு மட்டும் எந்த நோட்டிலும் ஏறாது. தூக்குகிற ஆளுக்கு ஏதாவது ஆகும் வரை அது ஒரு வேலையாகவே தெரியாது.

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் நெல்லும் ஏரி மீனில் நாலில் ஒரு பங்கும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, போன பருவத்தின் நடுவில்தான் அது தெரியவந்தது.

ஒரு தோள்பட்டையின் விலை

அவர்களுடையது ஃபைபர் பரிசல். குறுக்களவு 6 அடி, ஆழம் 2 அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை 35 கிலோ. வீட்டிலிருந்து ஏரிக்கரை முக்கால் கிலோமீட்டர். சாயங்காலம் செவுள் வலை விடவும், விடியற்காலையில் எடுக்கவும் பரிசல் வேண்டும். கரையிலேயே கட்டி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறை யாரோ அவிழ்த்துவிட்டு, நடு ஏரியில் மிதந்தது. வெயிலிலேயே கிடந்ததில் மேல்பூச்சும் வெளுத்து, தொட்டால் மாவு போல உதிர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கணவர்தான் தினமும் பரிசலைத் தலைகீழாகக் கவிழ்த்து, தலையில் சுமந்து வருவார்.

பரிசலைக் கவிழ்த்துச் சுமப்பவருக்கு எதிரே இரண்டு மூன்று அடி தரைதான் கண்ணில் படும். மழை பெய்து முடிந்த ஒரு காலையில் கரைச் சரிவில் கால் வழுக்கியது. பரிசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு மாதத்துக்குத் தலையிலும் தோளிலும் பாரமே வைக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏரியில் மீன் முக்கால் கிலோ அளவுக்கு வளர்ந்திருந்த நேரம் அது. வலை விட முறை வரும் நாளில் ஆள் போகாவிட்டால் பங்கு குறையும். கூலிக்கு ஆள் வைத்தால், கிடைப்பதில் பாதி கூலிக்கே போகும். பங்கை விலை பேசி வாங்கிக்கொள்ளவும் கூட்டாளிகள் தயாராக இருந்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்குக் கையில் காசாவது சேரட்டும் என்றுதான் கேட்டார்கள்.

மனைவி யோசித்தார். அவர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். நீந்தத் தெரியும், துடுப்புப் போடத் தெரியும், வலை எடுக்கவும் தெரியும். 35 கிலோவைத் தலையில் ஏற்றி முக்கால் கிலோமீட்டர் நடப்பது மட்டும் முடியாது. அது ஒன்றுக்காகப் பங்கையே விட்டுவிடுவதா என்பதுதான் அவருடைய கேள்வி.

ஊருக்கு ஊர் ஒரு வழி

பரிசலைச் சுமக்கும் சிரமம் இந்த ஊரோடு நிற்பதல்ல. ஒகேனக்கல்லில் மூங்கில் பரிசலை ஓட்டுகிறவர்கள் வேலை முடிந்ததும் அதைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு கரையேறுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதி ஆறுகளிலும் நம்முடையதைப் போலப் பின்னிச் செய்த சின்னப் பரிசல்கள் உண்டு. அங்கே உட்காரும் பலகையில் ஒரு வாரைக் கட்டி, அதை மார்போடு மாட்டிக்கொண்டு, ஆமை ஓடு போல முதுகில் சுமப்பார்கள்.

நம் கடற்கரை மீனவர்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். கட்டுமரத்தைக் கரை சேர்த்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிப்போய்க் காய வைப்பார்கள். மொத்தமாகத் தூக்க முடியாததைப் பிரித்துத் தூக்குவது அவர்கள் வழி. ஆர்க்டிக் பனிப்பிரதேசத்து மக்களுடைய கயாக் படகு, சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தது. தரையில் விட்டால் நாய்கள் தோலைத் தின்றுவிடும் என்பதற்காகக் கல்தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் உயரத்தில் வைத்திருப்பார்கள்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய், ஆயிரக்கணக்கான மக்களை மீட்டார்கள். தண்ணீரில் ஓட்டத் தெரிவதோடு, தரையில் கொண்டுசெல்ல ஒரு வழியும் இருந்தால்தான் படகு உதவும் என்பதை அப்போது நாடே பார்த்தது.

தெருவில் விரித்த பாவு சொன்ன பாடம்

மனைவியின் அண்ணன் ஆரணியில் பட்டு நெசவு செய்கிறார். தங்கை கேட்டதும் அவர் முதலில் செய்து கொடுத்தது ஒரு தட்டு வண்டி. இரண்டு பழைய சைக்கிள் சக்கரம், மேலே பலகை, பலகைமேல் கவிழ்த்த பரிசல், நான்கு பக்கமும் லாரிக்காரர்கள் போடும் பெல்ட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாட்டுக்கொட்டகைக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் உள்ள சந்து வரை நன்றாகவும் ஓடியது. சந்தின் அகலம் நாலரை அடி. பரிசலின் அகலம் 6 அடி. வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பெல்ட்டை முறுக்கி இறுக்கியதில் பரிசலின் விளிம்பில் முடி போல ஒரு கீறலும் விழுந்தது. அதை ஃபைபர் பாயும் ரெசினும் வைத்து அடைக்க வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி அடுப்படியில் பாத்திரம் கழுவி அடுக்கும்போது மனைவிக்கு யோசனை வந்தது. தட்டைப் படுக்க வைத்தால் இடம் அடைக்கிறது. தட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தால் ஒரு சாண் இடத்தில் பத்துத் தட்டு நிற்கிறது. பரிசலும் ஒரு பெரிய தட்டுதானே?

மறுநாள் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்குத் தன் தொழில் நினைவு வந்தது. ஆரணி நெசவுத் தெருக்களில் காலை வேளையில் பாவு விரிப்பது வழக்கம். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் சேர்ந்த பாவு, தெருவின் நீளத்துக்கு ஓடும். இடையிடையே மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டித் தாங்கல் கொடுப்பார்கள். தாங்கல் இடம் தவறினால் நடுவில் தொய்யும். தொய்வை எடுக்க இன்னும் இழுத்துக் கட்டினால் இழை அறும்.

"தாங்குற எடம் சரியா இருந்தா, கட்டுற வேல கம்மி. எடம் தப்பா இருந்தா எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது. போன வாட்டி நான் கட்டுறதையே யோசிச்சேன், தாங்குறத யோசிக்கல" என்றாராம் தங்கையிடம்.

இரண்டாவது வண்டி அந்தப் பேச்சிலிருந்து உருவானது.

வண்டி எப்படி இருக்கிறது?

பரிசல் இதில் படுக்காமல், விளிம்பின்மேல் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 3 அடி இடைவெளி. பரிசலின் ஆழம் 2 அடிக்குள் இருப்பதால் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. வண்டியின் மொத்த அகலம் மூன்றரை அடி. சந்தில் உரசாமல் போகிறது.

நடுவில் பரிசல் நிற்பதால் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு ஒரே அச்சு போட முடியாது. சைக்கிள் சக்கரம் இரண்டு பக்கமும் பிடிப்பு இருந்தால்தான் பாரம் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அச்சு வளைந்துவிடும். அதனால் பழைய இரும்புக் கடையில் இரண்டு சைக்கிளின் முன் சக்கரங்களை ஃபோர்க்கோடு வாங்கினார்கள். ஒவ்வொரு ஃபோர்க்கையும் மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் ஒரு இரும்புச் சட்டத்தோடு வெல்டிங் பட்டறையில் பற்றவைத்தார்கள்.

சட்டத்தின் அடியில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரண்டு குறுக்குக் குழாய்கள். இரண்டுக்கும் இடையே இரண்டரை அடி. வட்டமான விளிம்பு இந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும். முன்னும் உருளாது, பின்னும் உருளாது. பரிசலின் அடி விளிம்பு குழாய்களைவிட 3 அங்குலம் கீழே இறங்கும். மீதி 8 அங்குலத்துக்கு மேல் தரை இடைவெளி கிடைப்பதால் வரப்புக் கல் தட்டுவதில்லை. குழாய்களின்மேல் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். பரிசல் பக்கவாட்டில் சாயாமல் இருக்க ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு நிமிர்ந்த கால்கள், நாலடி உயரம். அவற்றுக்கும் ட்யூப் உறை உண்டு.

கட்டுவதற்குப் பெல்ட் கிடையாது. கிழிந்த பருத்திச் சேலையை நீளவாட்டில் கிழித்து முறுக்கிய கயிறுதான். பரிசலின் மேல் விளிம்பிலிருந்து சட்டத்துக்கு ஒரு கட்டு, திறந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கட்டு. முடிச்சு, மாடு கட்டும் முடிச்சு. நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஈரக் கையோடு இருட்டில் அவிழ்க்க அதுதான் தோது.

பாரம் எங்கே விழ வேண்டும் என்பதை மாட்டுவண்டி ஓட்டிய மாமனார் சொல்லிக்கொடுத்தார். வண்டியில் முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும். இதிலும் அப்படித்தான். கைப்பிடியைப் பிடித்தால் ஒரு படி அரிசியைத் தூக்குகிற அளவுக்குத்தான் கையில் பாரம் தெரிய வேண்டும். அந்த அளவு வரும்வரை குறுக்குக் குழாய்களை நூல்கட்டித் தற்காலிகமாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பற்றவைத்தார்கள்.

ஏற்றும்போதும் பரிசலைத் தூக்குவதில்லை. சக்கரத்துக்கு அடைக்கல் வைத்து, கைப்பிடியை உயர்த்தினால் திறந்த பக்கம் தாழும். மூன்றடிப் பலகை ஒன்றைச் சாய்வாக வைத்து, பரிசலை விளிம்பில் நிறுத்தி, டயரை உருட்டுவது போல உருட்டி உள்ளே தள்ள வேண்டும். அது குழாய்களுக்கு நடுவில் விழுந்ததும் கைப்பிடியைக் கீழே இறக்கிக் கட்டிவிடலாம். மனைவி தனியாகவே ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடுகிறார்.

இரும்பு, சக்கரம், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது.

வீட்டில் வைப்பதற்கும் ஒரு தாங்கல்

வண்டி வந்த பிறகு, வீட்டில் பரிசலை வைக்கும் முறையையும் மாற்றினார்கள். முன்பெல்லாம் வாசலில் மல்லாக்கக் கிடக்கும். 6 அடிப் பரிசலில் 10 செ.மீ. மழைநீர் நின்றால் ஏறத்தாழ 200 லிட்டர், அதாவது 200 கிலோ. அந்தப் பாரம் அடிப்பாகத்தை அழுத்தும். நாலைந்து நாள் நின்றால் கொசுவும் வளரும். சுவரில் சாய்த்து வைத்தாலும் ஆபத்துதான். ஒரே இடத்தில் மொத்தப் பாரமும் ஊன்றி, வெயில் சூட்டில் விளிம்பு கோணிப்போகும்.

இப்போது மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் முக்கோணமாக மூன்று முளைகள் நட்டிருக்கிறார்கள். முழங்கால் உயரம், தலையில் சாக்குச் சுற்றியது. பரிசலை அதன்மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். நான்கு முளை நட்டால் தரை மேடு பள்ளத்தில் ஏதாவது ஒன்று படாமல் போகும். மூன்று முளை என்றால் மூன்றும் கட்டாயம் தாங்கும். மூன்று கல் அடுப்பில் பானை ஆடாமல் நிற்பதும் இதனால்தான். அடியில் காற்று ஓடுவதால் பரிசல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது; கோழிகளுக்கும் நிழல் கிடைக்கிறது.

பார்க்க வந்தவர்கள் கேட்டவை

வண்டியைப் பார்க்கப் பக்கத்து ஏரிக்காரர்கள் வந்தார்கள். பலரும் கேட்ட கேள்விகள் மூன்று.

மொபெட்டின் பின்னால் மாட்டி இழுக்கலாமா? கூடாது. இது நடை வேகத்துக்குச் செய்த வண்டி. நிமிர்ந்து நிற்கும் பரிசல் காற்றைப் பாய்மரம் போல வாங்கும். வேகமாக ஒரு திருப்பம் வந்தால் வண்டியும் கவிழும், ஓட்டுகிறவரும் விழுவார். நடந்து போகும்போதே பலத்த காற்றடித்தால் ஏரிக்கரை மேல் ஏற்றக் கூடாது. காற்று தணியும் வரை கரைக்குக் கீழேயே நிற்பதுதான் அந்த வீட்டில் இப்போது வழக்கம்.

வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும் படகுக்கு என்ன செய்வது? சுற்றுலாப் படகுத் துறைகளில் உள்ள கயாக் போன்ற நீளப் படகுகளுக்கு இரண்டு தாங்கல் போதும். அவற்றை இரண்டு முனையிலும் வைத்தால் நடு தொய்யும். இரண்டையும் நடுவில் வைத்தால் முனைகள் ஆடும். 10 அடிப் படகு என்றால் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஏறத்தாழ 2 அடி உள்ளே தள்ளி வைப்பது நல்லது. தாங்கலின் மேல்பக்கம் படகின் வயிற்று வளைவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். தட்டையான கட்டைமேல் வைத்தால் பாரம் முழுதும் ஒரு கோட்டில் விழுந்து, நாளடைவில் அந்த இடம் பள்ளமாகும்.

இரும்புக்குப் பதில் மூங்கிலில் செய்யலாமா? செய்யலாம். முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும்; நிழலில் காய்ந்திருக்க வேண்டும். ஆணி அடித்தால் பிளக்கும் என்பதால் கயிற்றுக் கட்டுதான் சரி. கணுவுக்குப் பக்கத்தில் கட்டினால் கட்டு வழுகாது. சக்கரம் மாட்டும் இடத்துக்கு மட்டும் இரும்பு வேண்டும்.

பங்கு தங்கியது

அந்தப் பருவத்தில் முறை வந்த நாள் ஒன்றைக்கூட அந்த வீடு தவறவிடவில்லை. முதல் வாரம் கரையில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டாளிகளில் ஒருவர், இரண்டாவது வாரம் தன் வலையையும் அதே வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். கோடையில் கணக்கு முடித்தபோது கால் பங்கு முழுதாகக் கைக்கு வந்தது. மருத்துவச் செலவுக்கு அடகு வைத்திருந்த தோட்டை அதில் மீட்டார்கள். அடுத்த வருடக் குத்தகைக்குக் கூட்டாளிகள் நோட்டு எழுதியபோது, அந்தப் பங்குக்கு நேரே கணவரின் பெயரோடு மனைவியின் பெயரும் ஏறியது.

கணவருக்குத் தோள் சரியாகிவிட்டது. ஆனாலும் பரிசலைத் தலையில் ஏற்றுவதில்லை. "தல இருக்குறது முண்டாசு கட்டுறதுக்கு. பாரத்துக்கு வண்டி இருக்குது" என்கிறார்.

இதுபோல ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் பட்டறைக்குப் போகும் முன் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வது நல்லது: பரிசலின் குறுக்களவு, அதன் ஆழம், வீட்டிலிருந்து ஏரி வரைக்கும் உள்ள பாதையில் மிகக் குறுகலான இடத்தின் அகலம். செய்து முடித்த பிறகு வாரம் ஒருமுறை சக்கர நட்டுகளைத் திருகிப் பார்க்க வேண்டும். வெல்டிங் இடங்களில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பரிசல் ஏறும் எவரும், நீந்தத் தெரிந்தவரானாலும், மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு வண்டியில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. மிதவைச் சட்டை அதில்தான் எப்போதும் தொங்குகிறது. வண்டியை இழுக்கக் கை வைக்கும்போதே அது கையில் படும்.